டாப்பெட் கவரில் மூன்று கொத்து

என் அப்பா ஜம்புலிங்கம் அடிப்பவர். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது. கை பேசி முடித்த பிறகுதான் அவருக்கு வாய் வரும்.

சங்ககிரிப் பக்கத்து ஆள். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, கடைசியில் ஆறு டயர் வைத்த சொந்த லாரியோடு புனேயில் நின்றுவிட்டார். கசார்வாடியில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. கண்டாலா மலையேற்றத்தில் ஓடும் லாரியின் பின்னால் தொற்றி ஏறி, கயிற்றை அறுத்துச் சரக்கைத் தள்ளும் கூட்டம் ஒன்று அப்போது இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் இரும்புக் கம்பியோடு படுத்துக் கிடந்து, அவர்களில் ஒருவனின் முழங்கையை அப்பா உடைத்தார். சாத்தாராவுக்கு இந்தப் பக்கம் ஒரு பைக்காரன் லாரிக்குக் குறுக்கே விழுந்தான். ஊர் கூடியது. அப்பாவை கேபினிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். இடது காது மடலில் பாதி அங்கேயே போயிற்று. இப்படி அடித்ததும் வாங்கியதுமாக நிறைய. எது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மாவை ஒரே ஒரு முறை அடித்தார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கோ வாங்கிக்கொண்டு, வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள் வந்தார். அம்மா, "யாருங்க இப்படிப் பண்ணுனது?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அடி இடது காதில் விழுந்தது. சவ்வு கிழிந்து, அந்தக் காது கேட்காமலே போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அம்மாவின் வலது பக்கம் போய் நின்று பேசுவோம். அப்பாவும் அப்படித்தான் பேசினார், சாகும்வரை.

நான் மெக்கானிக்கல் படித்தேன். சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியின் சோதனை அறையில் வேலை. புது இன்ஜின்களை உடையும்வரை ஓட்டி, எங்கே உடைந்தது என்று பார்த்து எழுதுவோம். "என்ற புள்ள இன்ஜினை ஒடைக்கறக்குச் சம்பளம் வாங்குது," என்று அப்பா எல்லா லாரிக்காரர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

அவருடைய சொந்த இன்ஜின் தேய்ந்து முடிந்திருந்தது. மூச்சுக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை; சைலன்சரிலிருந்து கறுப்பு. ஏற்றத்தில் நடந்து போகிறவன் லாரியை முந்தினான். ஒரு தொழிற்சாலை வாசலில், இந்தப் புகையோடு உள்ளே விடமுடியாது என்றான் காவலாளி. அப்பா இறங்கவில்லை. காவலாளி லத்தியால் கேபின் கதவில் ஓங்கித் தட்டினான். அப்பா இறங்கினார். அவன் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

இங்கே அதற்கு சாப்டர் கேஸ் என்று பெயர். ஒழுங்காக இருப்பேன் என்று போலீஸில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். தீபாவளி தாண்டும்வரை யார் மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் தடிபார், மாவட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். எழுதி வாங்கிய அதிகாரி அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். லாரியும் வாடிக்கையும் வீடும் அம்மாவும் மகளான நானும் இந்த மாவட்டத்துக்குள் இருந்தோம். திரும்பும்போது அப்பா என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆட்டோக்காரன் உரசுகிற மாதிரி வந்து வசைபாடிவிட்டுப் போனான். அப்பா கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பழைய இன்ஜினின் பிளாக்கிலேயே விரிசல். திருத்திப் பயனில்லை. உடைத்த வண்டிகளின் இன்ஜின் ஒன்றை எடுத்து மாட்டுவது என்று முடிவானது. போசரியைத் தாண்டி ஒரு பங்கார் யார்டு. விபத்தில் நசுங்கியவை, எரிந்தவை, வெள்ளத்தில் நின்றவை எல்லாம் அங்கே பிரிக்கப்படும். அதை நடத்துபவன் தேஜஸ். என் வயதுக்காரன். அவன் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம்.

யார்டில் இன்ஜினைத் தரையிலேயே ஓட்டிக் காட்டுவார்கள். இரண்டு பழைய டயர்மேல் உட்கார வைத்து, ஒரு கேனிலிருந்து டீசல் கொடுத்து, பேட்டரியைத் தொட்டு உயிர்ப்பிப்பார்கள். வாங்க வந்தவர் இன்ஜின் தலைமேல் தண்ணீர் நிறைந்த தம்ளரை வைத்துப் பார்ப்பார். அப்பா நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையால் ஒவ்வொரு சிலிண்டராகத் தொட்டுக் கேட்பார். அன்று வீட்டுக்கு வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"தம்ளர்ல ஒரு அலை இல்ல அம்முணி. மைசூர்க்காரன் வண்டி. மரத்துல மோதிக் கேபின் போச்சு, இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்ல. கொத்துப் போட்டு வந்துட்டேன்," என்று என்னிடம் சொன்னார்.

கொத்து என்பது அவர்கள் வழக்கம். சங்ககிரி லாரிக்காரர்கள் தேர்ந்தெடுத்த இன்ஜின்மேல் உளியால் தங்கள் குறியைக் கொத்திவிட்டு வருவார்கள், யார்டில் மாற்றிவிடாமல் இருக்க. அப்பாவின் குறி சாய்வாக மூன்று கோடு, நடுக்கோடு சற்று நீளம். இன்ஜின் நம்பரை அவர் நம்பியதில்லை. நம்பரை அரைத்துவிட்டு வேறு நம்பர் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தன் கைக் கொத்தை எவனும் கொத்த முடியாது என்பார். இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவர் அலுமினியம், உளி சுலபமாக இறங்கும், மேலேயே இருப்பதால் பார்த்ததும் தெரியும். அதனால் அதில் கொத்தினார். எல்லோரும் அதில்தான் கொத்துவார்கள்.

"நான் கொத்தறதப் பாத்துட்டு அந்தப் பையன் கேக்கறான், தாலி கட்டறீங்களா அண்ணான்னு," என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்து அம்மா பார்த்தது அதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவிந்தராஜின் பட்டறையில் பழைய இன்ஜினை இறக்கினோம். கோவிந்தராஜ் எங்கள் ஊர்ப் பக்கத்து மெக்கானிக்; அப்பாவிடம் அடி வாங்காத சிலரில் ஒருவர். எனக்கு லீவு, நானும் போயிருந்தேன். கூரையின் இரும்பு உத்தரத்தில் சங்கிலிக் கப்பி தொங்கியது. ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களை அறுத்து, கியர் பாக்ஸைப் பிரித்தாயிற்று. இன்ஜினைத் தாங்கும் போல்ட்களில் ஒன்று துருவேறி வர மறுத்தது. அப்பா சம்மட்டியை எடுத்தார். அடித்தார். தலைவழியே வேர்வை ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு, போல்ட்டின் பெயரைச் சொல்லாமல் யார் யார் பெயரையோ சொல்லி அடித்தார்.

"மெதுவாங்ணா," என்றார் கோவிந்தராஜ். "அது போல்ட்டு. உங்க மச்சான் இல்ல."

"மச்சானா இருந்தா இந்நேரம் வந்திருப்பான்டா."

போல்ட் முறிந்து தெறித்தது. இன்ஜின் ஒரு பக்கமாகச் சரிந்தது. கோவிந்தராஜின் கட்டை விரல் சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டி, நகம் முழுதாகப் பெயர்ந்து வந்தது. அவர் கத்தவில்லை. விரலை வாயில் வைத்துச் சப்பித் துப்பினார். எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, "இழுங்க," என்றார். பழைய இன்ஜின் சங்கிலியில் ஆடியபடி வெளியே வந்தது, கறுப்பு எண்ணெயைச் சொட்டிக்கொண்டு. அதைத் தரையில் போட்டோம். லாரியின் முன்புறம் வெறும் குழியாக இருந்தது.

புது இன்ஜின், அதாவது பழைய இன்னொன்று, மதியத்துக்கு முன்னால் டெம்போவில் வந்தது. இறக்கி, சந்தில் டயர்மேல் உட்கார வைத்தார்கள். அப்பா போய்க் கவரைத் துடைத்தார். சாய்வாக மூன்று கோடு.

"என்றதுதான்," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கவரின் போல்ட்களில் ஸ்பானர் பட்ட இடம் பளபளத்தது. விளிம்பில் புதிதாகப் பூசிய சிவப்புப் பசை பிதுங்கியிருந்தது. கீழே பிளாக்கில், டீசல் பம்ப்பின் பாதி உயரத்துக்குக் காய்ந்த சேற்றுக் கோடு. மரத்தில் மோதிய வண்டியில் அந்தக் கோடு இருக்காது. இது வெள்ளத்தில் நின்ற வண்டி.

"அப்பா, கவரைக் கழட்டி மாட்டியிருக்காங்க."

"கொத்து என்றது அம்முணி."

"கொத்து உங்களுது. இன்ஜின் உங்களுது இல்ல."

அவர் போல்ட்களைப் பார்த்தார். சேற்றுக் கோட்டை விரலால் தொட்டார். கோவிந்தராஜ் மெல்ல நகர்ந்து சம்மட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றார். அப்பா அவரைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போய் சம்மட்டியை எடுத்தார். தரையில் கிடந்த பழைய இன்ஜினை அடிக்க ஆரம்பித்தார். வார்ப்பிரும்பு துண்டு துண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு பக்கத்து டீக்கடையின் கண்ணாடி ஜாடியை உடைத்தது. யாரும் கிட்டே போகவில்லை. பிடி முறியும்வரை அடித்தார். பிறகு எண்ணெய் வழியும் கையோடு தேஜஸுக்குப் போன் செய்தார்.

"வந்து பார்," என்றார்.

தேஜஸ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒருவன் கையில் முழம் நீளத்துக்கு இரும்புக் குழாய். பேச்சு இந்தியில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"என்ன அண்ணா, பொண்ணு பிடிக்கலையா? தாலி கட்டிட்டுத்தானே வந்தீங்க?"

"என் இன்ஜின் எங்கே?"

"யார்டுல இன்ஜின் மாறும். ஆஸ்பத்திரியில குழந்தையே மாறுது."

சந்து நிறைந்துவிட்டது. வெல்டிங் பட்டறைக்காரர்கள், டயர்க் கடைக்காரர்கள், எல்லோரும் அப்பாவை அறிந்தவர்கள். சாப்டர் கேஸையும் அறிந்தவர்கள். சிலர் போனை எடுத்துப் பிடித்திருந்தார்கள். அப்பா பின்னால் நகர்ந்து, தொங்கிய கப்பிச் சங்கிலியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

தேஜஸுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்தான்.

"கை எங்கே அண்ணா? கொஞ்சம் காட்டுங்க. ஊரெல்லாம் சொல்றாங்களே, ஜம்புவோட கை, ஜம்புவோட கைன்னு."

அப்பா சங்கிலியை விடவில்லை.

"தடிபார் ஆனா மெட்ராஸ் போயிருவீங்க. இட்லிக் கடை போடலாம்." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தேஜஸ் கையை நீட்டி, அப்பாவின் பாதிக் காது மடலை விரலால் சுண்டினான். "மீதியும் அங்கேயே போகட்டும்."

சங்கிலி இறுகியது. அப்பாவின் உள்ளங்கை கிழிந்து, கண்ணிகளின் இடுக்கில் ரத்தம் வந்தது. கை கீழே வரவில்லை. கோவிந்தராஜ் பின்னாலிருந்து, "ஜம்பண்ணா, தீபாவளி. ஜம்பண்ணா, தீபாவளி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நல்ல இன்ஜின்தான் இது," என்று தேஜஸ் திரும்பினான். "ஓட்டிக் காட்டுறேன்."

நான் அதற்குள் பம்ப்பைப் பார்த்துவிட்டிருந்தேன். பம்ப்புக்குள் ஒரு கம்பி இருக்கிறது. டீசலைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அதுதான். வெளியே இருக்கும் நெம்புகோலை அசைத்தால் அது அசைய வேண்டும். அசையவில்லை. வெள்ளத் தண்ணீரில் துருப்பிடித்து, முழு டீசல் கொடுக்கும் நிலையில் கம்பி இறுகிப்போயிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றேன். "பம்ப் ஜாம். பிடிச்சா நிறுத்த முடியாது."

"மேடம், அது ஓட ஓட இளகும்."

"இன்ஜின் காற்று இழுக்கற வாயை மூட முதல்ல ஒரு பலகையாவது எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

அவன் சிரித்துக்கொண்டே ஸ்பானரை ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தான். பொறி பறந்தது. இன்ஜின் பிடித்தது.

பிடித்த உடனே வேகம் ஏறியது. நிற்கவில்லை. சோதனை அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ இன்ஜின்கள் சாவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே நடுவில் கான்கிரீட் சுவர் இருக்கும். இங்கே இரண்டு டயரும் ஜனங்களும்தான். கறுப்புப் புகை சந்தை மூடியது. இன்ஜின் டயர்மேல் குதித்தது. அலறல் காதுக்குள் இல்லை, பல்லுக்குள் கேட்டது. டீசல் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். பம்ப்பில் இருந்த மிச்சமே அதற்குப் போதும். கோவிந்தராஜ் பலகை தேடி உள்ளே ஓடினார். கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடியது. தேஜஸோடு வந்தவர்கள் இரும்புக் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

தேஜஸ் ஓடவில்லை. இன்ஜின் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் பம்ப் நெம்புகோலை இழுத்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. இன்ஜின் வெடித்தால் அந்தப் பக்கவாட்டு வழியாகத்தான் வெடிக்கும். நகரச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா சங்கிலியை விட்டார்.

மூன்று எட்டில் வந்து, தேஜஸின் நெஞ்சில் அடித்தார். தள்ளவில்லை. அடித்தார். காவலாளியின் தாடையில் விழுந்த அதே அடி, தோள் முழுக்கத் திரும்பி வரும் அடி. தேஜஸ் காலிரண்டும் தரையை விட்டு எழும்பி, சாக்கடைக்குள் போய் விழுந்தான். அப்பா தரையில் கிடந்த சாக்கை மடித்து, இன்ஜினின் காற்று வாயில் வைத்து, மார்பைக் கொடுத்து அழுத்தினார். அலறல் தாழ்ந்தது. உறுதியாகத் தாழ்ந்தது, நான் கேட்டேன். இன்னும் சற்று நேரம் போதும் என்று நினைத்தேன்.

பிஸ்டன் தண்டு முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வந்தது. சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. இன்ஜின் நின்றது. அப்பா அதன்மேல் சாய்ந்தபடியே இருந்தார். பிறகு பக்கவாட்டில் சரிந்தார். விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு உள்ளே போயிருந்தது.

இன்ஜின் வந்த அதே டெம்போவில் ஏற்றினோம். கோவிந்தராஜ் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தார். அப்பாவுக்கு நினைவு இருந்தது.

"கை வச்சுட்டனே அம்முணி," என்றார்.

என் இரண்டு கையும் அவர் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன. நாசிக் பாட்டா மேம்பாலத்தில் ஏறும்போது, அழுத்திய இடத்தில் துடிப்பு இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அவர் பெயரைச் சொன்னதும் எழுதுபவருக்குத் தெரிந்துவிட்டது. "சாப்டர் கேஸ் ஆளா?" என்றார். தேஜஸ் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உடைந்த தோளில் கட்டு. அவனிடம் மராத்தியில் கேட்டார், இறந்தவர் உன்னை அடித்தாரா என்று.

"ஹோ," என்றான் தேஜஸ். "மாரலா."

ஆமாம், அடித்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. பட்டறையில் கையில் எடுத்த ஸ்பானர் என் பையிலேயே இருந்தது. அவன் நெற்றிக்கு அது எட்டும் தூரம்தான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா சங்கிலியை எப்படிப் பிடித்தார் என்று அப்போது கைக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் காலை வாசலில் டெம்போ நின்றது. பின்னால் ஓர் இன்ஜின், தார்ப்பாய் போடாமல். கவர் இருந்த இடம் வெறுமையாக, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. தேஜஸ் இறங்கினான். கையில், வெடித்த இன்ஜினிலிருந்து கழற்றி எடுத்த டாப்பெட் கவர். மூன்று கோடு.

"மைசூர் வண்டி இன்ஜின்," என்று என்னிடம் சொன்னான். "சோலாப்பூர்க்காரர் ஒருத்தர் கேட்டார்னு எடுத்து வெச்சிருந்தேன். இன்னும் அனுப்பலை."

அம்மா வெளியே வந்தார். மங்கையர்க்கரசி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தேஜஸைப் பார்த்தார். அவன் யாரென்று நான் சொன்னேன்.

அவன் வலது கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். நெஞ்சின் நடுவில் கறுத்து, ஓரம் மஞ்சளாகத் தொடங்கிய காயம். நான்கு விரல்களும் கட்டை விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். அவர் கை தன் இடது காதுக்குப் போயிற்று.

"இதே கைதான்," என்றார்.

சிலர் என்னிடம் சொல்கிறார்கள், உன் அப்பா கோபக்காரர், ஆனால் மனசு தங்கம் என்று. அப்படியில்லை. அம்மாவின் காதில் விழுந்த அடி யாரையும் எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. காவலாளிக்கு இன்றும் வாய் சரியாக மூடுவதில்லை. ஒரே கை. அதில் ஓர் அடி ஒருவனை உயிரோடு வைத்திருக்கிறது. இதற்குமேல் எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அம்மா காதிலிருந்து கையை எடுத்து தேஜஸை அறைந்தார். முழு வீச்சில், இடது கன்னத்தில். அம்மா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. டெம்போ டிரைவர் கதவைத் திறந்து இறங்கப் போனவர் அப்படியே நின்றார்.

"அது அவரு கை," என்றார் அம்மா. மூச்சு வாங்கியது. "இது என்னுது."

தேஜஸுக்குத் தமிழ் தெரியாது. கன்னத்தைத் தொட்டுக்கொள்ளவும் இல்லை. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். உதட்டில் ரத்தம். பிறகு மெல்ல ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவன் நின்றது அம்மாவின் இடது பக்கம்.

"இதர் ஆ," என்று அம்மா வலது பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பக்கம் வந்து பேசு."